விதை முளைக்கும் வீடியோ: “அரை நிமிடத்தில் வேர் வரும்” என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

சாக்பீஸ்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் விதை முளைத்தல் பாடம். வகுப்பில் புரொஜெக்டர் சும்மாதானே இருக்கிறது என்று ஒரு டைம்லாப்ஸ் (பல நாள் நடப்பதைச் சில நொடியில் ஓட்டிக் காட்டும்) வீடியோ போட்டேன். நல்ல வீடியோதான். கண்ணாடிக்குப் பின்னால் மண், அதில் ஒரு விதை. விதை ஊதுகிறது, தோல் கிழிகிறது, வேர் கீழே இறங்குகிறது, முளை கொக்கி மாதிரி வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அப்புறம் நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன். “விதையிலிருந்து வேர் வர எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற கேள்விக்கு ஏழெட்டுப் பேர் “அரை நிமிடம்” என்று எழுதியிருந்தார்கள். வீடியோவின் நீளம் அதுதான். ஒரு பெண், “செடி ஆடிக்கொண்டே வளரும்” என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

வீடியோ போடாமல் கரும்பலகையில் படம் வரைந்திருந்தால் இந்தக் கோளாறு வந்திருக்காது. நீங்கள் எல்லாம் எந்தப் பாடத்துக்குத் திரையைப் போடுகிறீர்கள், எதற்கு அணைத்து வைக்கிறீர்கள்? எப்படி முடிவு செய்கிறீர்கள்?


கடைசிபெஞ்சு:

டீச்சர், நேரடியாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். விதையைப் பஞ்சில் நனைத்து வைத்தால் தானே முளைக்கப் போகிறது. அதற்கு எதற்கு வீடியோ?

காந்தத்தை டேப்லெட்டில் விரலால் நகர்த்தி “ஈர்க்கிறது, விலக்குகிறது” என்று படிக்கும் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். இரண்டு காந்தத்தின் ஒரே முனைகளை நேருக்கு நேர் கொண்டுபோகும்போது கை வழுக்கி ஓரமாகப் போகுமே, அந்த வழுக்கலை எந்த ஆப் கொடுக்கும்? எட்டு வயதில் அறிவியல் கையில் ஏறி அப்புறம்தான் தலைக்குப் போகும். நிழல், காந்தம், மிதப்பது மூழ்குவது, கரைவது கரையாதது இதற்கெல்லாம் திரையை அணைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் புரொஜெக்டரையே துணி போட்டு மூடி வைக்கலாம்.


ஓய்வுமணி:

கடைசிபெஞ்சு சார் சொல்வதில் பாதி சரி. வீடியோவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதற்கு ஒரு கடிகாரம் மாட்டினால் போதும்.

கணக்கு இதுதான். எட்டு நாள் நடப்பதை முப்பது நொடிக்குள் அடக்கியிருந்தால் ஏறக்குறைய 23,000 மடங்கு வேகம். திரையில் ஒரு நொடி போனால் வெளியே ஆறு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். அதாவது நாலு நொடிக்கு ஒரு நாள். இந்தக் கணக்கைப் பெரியவர்களுக்குச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு உடம்பால் தெரிய வேண்டும். நான் வேலையில் இருந்தபோது செய்தது: ஒருத்தன் நொடி எண்ணுவான், ஒவ்வொரு நான்காவது நொடிக்கும் வகுப்பே சேர்ந்து “விடிஞ்சாச்சு!” என்று கத்தும். வேர் எட்டிப் பார்ப்பதற்குள் எத்தனை தடவை விடிந்தது என்று அவர்களே சொல்வார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார், அதைச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

கூடவே உண்மையான விதையையும் வையுங்கள். கண்ணாடி டம்ளருக்குள் ஈரத்தாள், தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று ஒரே ஒரு போட்டோ. மேஜையில் சாக்பீஸால் கட்டம் போட்டு டம்ளரையும் போனையும் அந்தக் கட்டத்திலேயே வைத்தால் படம் குதிக்காது. எட்டு நாள் கழித்து எட்டுப் படங்களையும் வரிசையாக ஓட்டிக் காட்டுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் தாங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்கிய வீடியோவில் அது தெரியாது.

அந்தப் பெண் எழுதியதைத் தப்பு போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் திருத்திவிடுங்கள். செடியின் நுனி வளரும்போது நிஜமாகவே மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஆடும். டார்வின் கடைசிக் காலத்தில் மகன் ஃபிரான்சிஸோடு சேர்ந்து இதை மாதக்கணக்கில் புள்ளி வைத்துப் பதிவு செய்தார், 1880இல் அதைப் புத்தகமாகவே போட்டார். உங்கள் வகுப்பில் வீடியோவை ஒழுங்காகப் பார்த்தது அவள் ஒருத்திதான்.


சாக்பீஸ்:

ஐயோ, தப்புதான் போட்டிருந்தேன். நாளைக்குக் காலையில் முதல் வேலை அவள் நோட்டுதான்.


பாதிநிலா:

கைக்கு எட்டாத பாடத்துக்குத் திரை வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ரொம்பப் பெரியது, ரொம்பச் சிறியது, ரொம்ப மெதுவானது, ஆபத்தானது. நானும் அதையே சொல்வேன். ஆனால் சிக்கல் என்னவென்றால் கைக்கு எட்டாத இடத்தில்தான் படம் அதிகமாகப் பொய் சொல்கிறது, அதைச் சரிபார்க்கப் பிள்ளைக்கு வழியும் இல்லை. விதை பொய் சொன்னால் பக்கத்தில் டம்ளர் இருக்கிறது. சூரியக் குடும்பம் பொய் சொன்னால்?

சூரியக் குடும்ப அனிமேஷன் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். எட்டுக் கோளும் ஒரே சட்டகத்துக்குள் பளபளவென்று சுற்றும். பூமியை ஒரு சென்டிமீட்டர் மணியாக வைத்துக்கொண்டால் சூரியன் 109 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். அதைக் கொண்டுபோய் 117 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா ஒரு குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரியது, மணியிலிருந்து 30 சென்டிமீட்டரில், ஒரு ஸ்கேல் தூரம். இந்த ஸ்கேலைப் பிள்ளை கையில் கொடுத்து “பூமி இந்த முனை, நிலா அந்த முனை” என்று சொன்னால், நடுவில் எவ்வளவு வெறுமை என்று அது விழிக்கும். எந்தத் திரையிலும் அந்த வெறுமைக்கு இடம் கிடையாது.

அதைவிட மோசம் பருவகாலப் படம். பூமியின் பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைகிறார்கள். உண்மையில் அந்தப் பாதையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வரைந்தால் உயரம் 0.14 மில்லிமீட்டர்தான் குறையும். உங்கள் பேனாக் கோடு அதைவிடத் தடிமன். நீட்டிய முட்டையைப் பார்த்த பிள்ளை, “பக்கத்தில் வரும்போது கோடை, தள்ளிப் போனால் குளிர்” என்று தானே முடிவு கட்டும். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். வடகோளத்துக்கு அது குளிர்காலம். ஒரு படம் போட்ட முடிச்சைப் பல வருடம் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

நிலாவின் பிறைகளுக்கு எனக்குப் பிடித்தது ஸ்டெல்லேரியம், வானத்தைக் கணினியில் காட்டும் நிரல். இலவசம், திறமூல மென்பொருள், ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் வேண்டாம். உங்கள் ஊரைக் கொடுத்து, மாலை ஒரே நேரத்தை வைத்து, நாளை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போங்கள். நிலா நாளுக்கு நாள் கிழக்கே நகர்ந்து தடிப்பது தெரியும். ஆனால் அதற்கு முன்னால் இருட்டறையில் ஒரு பல்பு, பிள்ளை கையில் ஒரு வெள்ளைப் பந்து. பந்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர்களே சுற்ற வேண்டும். இதைச் செய்யாமல் நேராகத் திரைக்குப் போனால், “பூமியின் நிழல் விழுகிறது, அதனால்தான் பிறை” என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களே பாதிப் பேர் அப்படித்தானே சொல்கிறார்கள்.


நூல்கண்டு:

குற்றவாளிக் கூண்டிலிருந்து எழுதுகிறேன். பள்ளிப் பாடங்களுக்கு அனிமேஷன் வரைவதுதான் என் பிழைப்பு. பாதிநிலா சொன்ன முட்டைப் பாதையை நானும் வரைந்திருக்கிறேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: திரை அகலமாக இருக்கிறது, வட்டம் போட்டால் இரண்டு பக்கமும் வெற்றிடம் தெரியும், “காலியாக இருக்கே” என்று திருப்பி அனுப்புவார்கள். சாய்வுக் கோணத்திலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அமுக்கி வரைந்துவிடுவோம். சாய்வாகப் பார்க்கிறோம் என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

இன்னும் சில என் கையால் நடந்தவை. சிரை ரத்தத்துக்கு நீல நிறம். (உடம்பில் நீல ரத்தம் கிடையாது, அது கருஞ்சிவப்பு.) நீரின் மூலக்கூறுகளை உருண்டையாக வரைந்துவிட்டு உருண்டைகளுக்கு நடுவில் நீலமாகத் தண்ணீரையும் நிரப்பியது. அப்படியென்றால் மூலக்கூறுகள் தண்ணீருக்குள் மிதக்கின்றன என்று ஆகிவிடும், அவைதான் தண்ணீர் என்பது போய்விடும். நீர்ச் சுழற்சியில் கடலிலிருந்து மட்டும் ஆவி எழுவது. ஈரத்துணி, குட்டை, இலை எதிலிருந்தும் எழாது, அம்புக்குறி வைக்க இடமில்லை.

கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் பேராசிரியர் பல வருடமாகப் பல்லூடகப் பாடங்களைப் பற்றி ஆய்வு செய்தவர். அவர் சொன்னதில் இரண்டை நான் மேஜைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்று, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம் கற்றலைக் குறைக்கும். இரண்டு, படம் ஓடும்போது குரலில் சொல்வதையே அப்படியே எழுத்திலும் ஓடவிட்டால் கண் எழுத்துக்குப் போய்விடும், படம் வீணாகும். முதலாவதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பாடத்தில் தவளை ஒன்று தொப்பி போட்டுக்கொண்டு ஆவியாதலை விளக்கும். முன்னோட்டத்துக்கு ஒரு வகுப்பில் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் தொப்பியின் நிறம் எல்லோருக்கும் நினைவிருந்தது. நீர் எங்கே போனது என்று கேட்டால் “தவளை குடிச்சிருச்சு” என்றான் ஒருவன்.

அதனால் சாக்பீஸ் டீச்சருக்கு என் ஆலோசனை: எந்த வீடியோவையும் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். சத்தமில்லாமல் படம் எதையாவது விளக்கினால் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் அசைவு மட்டும் மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அதை நீங்களே வாயால் சொல்லிவிடலாம்.


இரண்டாம்கண்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குக் காது கேட்பது குறைவு. நூல்கண்டு சொல்லும் அந்த எழுத்து வரிதான் அவளுக்கு ஒரே பிடி. எழுத்தை எடுத்துவிட்டால் அவள் வெறும் பொம்மைதான் பார்ப்பாள்.


நூல்கண்டு:

நியாயமான அடி. எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனி வரியாக வைக்க வேண்டும், வேண்டியவர் போட்டுக்கொள்ளவும் வேண்டாதவர் அணைத்துக்கொள்ளவும் முடிய வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டியது. நாங்கள் பல நேரம் சோம்பேறித்தனத்தில் படத்திலேயே எழுத்தை அச்சடித்துவிடுகிறோம். அவள் படிக்கும் நேரத்துக்குப் படம் காத்திருக்கவும் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் அடிக்கடி நிறுத்தினாலே அவளுக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.


பழையகணினி:

கருவி பக்கமிருந்து சில வார்த்தை. ஒரு நண்பர் பத்து வருடமாகச் சேர்த்த அறிவியல் அனிமேஷன் எல்லாம் ஃபிளாஷ் (இணைய அனிமேஷனுக்கான பழைய மென்பொருள்) கோப்புகள். 2020 டிசம்பர் 31ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது, ஒரு நாள் காலையில் மொத்தமும் சாம்பல் கட்டமாக நின்றது. ரஃபிள் என்ற திறமூல நிரல் அவற்றில் நிறையவற்றை மறுபடி ஓட்டும், யாரிடமாவது பழைய குறுந்தகடு இருந்தால் முயன்று பாருங்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் ஃபெட் பக்கம் போங்கள், திரையிலேயே நகர்த்திச் செய்து பார்க்கும் இலவச அறிவியல் சோதனைகள் அங்கே இருக்கின்றன. இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. முன்பு ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்தவற்றைப் பெரும்பாலும் எச்டிஎம்எல்5க்கு மாற்றிவிட்டார்கள், போனிலும் ஓடும். இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் தேவையில்லை. முழு நூலகத்தையே இணையமில்லாத பள்ளியில் வைக்க கொலிப்ரி என்று ஒன்று இருக்கிறது: ஒரு கணினியில் ஏற்றினால் மற்றவை உள் வைஃபையில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எதுவானாலும் முந்தின நாள் அதே கணினியில், அதே ஒயரில் ஓட்டிப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் முன்னால் “அப்டேட் ஆகிறது, 4 சதவீதம்” என்று நிற்பது தண்டனை.


சாக்பீஸ்:

நன்றி. ஃபெட்டில் மின்சுற்று ஒன்று பார்த்தேன், அடுத்த மாதம் அந்தப் பாடம் வருகிறது. அதை முதலில் கொடுப்பதா, நிஜ பேட்டரியும் பல்பும் முதலிலா?


ஓய்வுமணி:

2005இல் அந்தக் கொலராடோ குழுவே ஓர் ஆய்வு வெளியிட்டது. திரையில் சுற்று கட்டிப் பழகிய மாணவர்கள், நிஜக் கருவியோடு பழகியவர்களைவிடக் கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னார்கள், நிஜச் சுற்றையும் நன்றாகக் கட்டினார்கள். இதைக் காட்டி “பல்பே வாங்க வேண்டாம்” என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள். பேட்டரி என்றால் என்ன, ஒயர் என்றால் என்ன என்று கையில் பிடித்து வளர்ந்தவர்கள். எட்டு வயதுக்கு அதை அப்படியே இழுக்காதீர்கள்.

முதலில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர். எரிய வை என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பல்பின் அடிப்பொட்டை மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள், எரியாது. பக்கவாட்டையும் தொட வேண்டும் என்று கண்டுபிடிக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்குப் பிறகு திரை. திரையில் ஒயருக்குள் நீல உருண்டைகள் ஓடும். பல்புக்கு முன்னால் ஓடுவதும் பின்னால் ஓடுவதும் ஒரே வேகமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது என்று நினைக்காத பிள்ளையே கிடையாது, நிஜ ஒயர் அந்த நினைப்பை ஒருநாளும் திருத்தாது. சுவிட்சைப் போட்டதும் சுற்று முழுக்க எல்லா உருண்டையும் ஒரே நேரத்தில் கிளம்புவதையும் காட்டுங்கள். இதற்குத்தான் திரை.

ஒன்று எச்சரிக்கிறேன். அதில் நேரடியாக ஒயரைப் பேட்டரியின் இரண்டு முனைக்கும் கொடுத்தால் தீப்பிடிப்பது மாதிரி காட்டும். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் அதுதான் வேலை. தடுக்காதீர்கள், எரித்து முடிக்கட்டும். அப்புறம் “ஏன் எரிந்தது” என்று கேளுங்கள்.


வெயில்மானி:

எல்லோரும் திரையைப் “பார்க்கும்” பொருளாகவே பேசுகிறீர்கள். நான் போனை “அளக்கும்” பொருளாக வைத்திருக்கிறேன். ஃபைஃபாக்ஸ் என்று ஓர் இலவச ஆப், ஜெர்மனியில் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளை எண்ணாகவும் கோடாகவும் காட்டும். ஒளி அளவை எடுத்து போனை ஜன்னல் ஓரம் வையுங்கள், மேஜைக்கடியில் வையுங்கள், மரநிழலில் வையுங்கள். எது எத்தனை லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். வெளிச்சமாக இருப்பதாக நாம் நினைக்கும் வகுப்பறை சில நூறுதான் காட்டும், வெளியே வெயில் பல்லாயிரம். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அதனால் நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. (ஐபோனில் இந்த ஒளி அளவு கிடைக்காது, ஆண்ட்ராய்டு வேண்டும்.)

ஸ்லோமோஷனும் அப்படித்தான். ஒரு நோட்டையும் ஒரு தாளையும் ஒன்றாக விட்டால் எது முதலில் விழும்? நோட்டு என்பார்கள், சரி. இப்போது தாளை நோட்டுக்கு மேல் வைத்து விடு, தாள் என்ன ஆகும்? வகுப்பு இரண்டாகப் பிரியும். விட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கண்ணை நம்ப மாட்டார்கள், நொடிக்கு 240 சட்டகத்தில் எடுத்ததைப் போட்டு ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். காற்று தாளைத் தடுக்க நோட்டு விடவில்லை என்று யாராவது ஒருத்தர் சொல்வார். அப்போதுதான் 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று சுத்தியலையும் இறகையும் விட்ட வீடியோ. சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம், இரண்டும் ஒன்றாக விழும். முதலிலேயே அதைப் போட்டிருந்தால் நிலாவின் மாயம் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.


கடைசிபெஞ்சு:

> முதலில் ஊகித்து எழுதிவிட்டுத்தான் அளக்க வேண்டும்

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஊகம், கவனிப்பு, விளக்கம் என்ற வரிசையை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் சொன்னார்கள், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் ஊகம்தான் முதலில் காணாமல் போகிறது. போன் பற்றி வாயை மூடிக்கொள்கிறேன். புரொஜெக்டர் பற்றி இல்லை.


சாக்பீஸ்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். டம்ளர் வைத்தோம், நாலு குழுவுக்கு நாலு டம்ளர். ஒன்றில் பூஞ்சை பிடித்து நாறியது, அதையும் தினமும் போட்டோ எடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இன்னொன்றில் ஒருவன் வேர் வந்த விதையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டான். மறுநாள் பார்த்தால் மேலே பார்த்துக்கொண்டிருந்த வேர் கொக்கி போட்டுக் கீழே திரும்பியிருந்தது. வீடியோவில் இது இல்லை. எட்டுப் படத்தையும் சேர்த்து ஓட்டியபோது அந்தத் திருப்பத்தில் மட்டும் நாலு தடவை நிறுத்தச் சொன்னார்கள்.

அப்புறம் பழைய வீடியோவையே மறுபடி போட்டேன், ஓய்வுமணி ஐயா சொன்னபடி நாலு நொடிக்கு ஒரு “விடிஞ்சாச்சு!”. மூன்றாவது விடியலில் அந்த ஆடும் செடிப் பெண் கையைத் தூக்கினாள். “டீச்சர், இவ்வளவு தடவை விடியுது, வீடியோல ராத்திரியே வரலையே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்கு போட்டு எடுத்திருப்பார்களோ என்று மட்டும் சொன்னேன். “அப்போ அந்தச் செடிக்குத் தெரியுமா ராத்திரின்னு?” என்றாள். இப்போது இரண்டு டம்ளர் இருக்கிறது, ஒன்று ஜன்னலில், ஒன்று அலமாரிக்குள். யார் உயரமாக வளர்வார் என்று ஊகம் எழுதியாயிற்று. இருபது பேர் ஜன்னல் என்கிறார்கள்.


ஓய்வுமணி:

அலமாரியைத் திறக்கும் நாளில் அந்த இருபது பேர் முகத்தையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.


கடைசிபெஞ்சு:

துணியை எடுத்துவிட்டேன். தூசி தட்டினால் ஓடும் போலத்தான் இருக்கிறது, ஒயரைக் காணோம்.